தொய்வுக்குக் கொஞ்சம்

இன்று இங்கே இருப்பவர்கள்: நான், நாகநாதன். என் மனைவி பஞ்சவர்ணம், வலது காலில் மாவுக்கட்டோடு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். இங்கிருந்து பார்த்தால் மஞ்சள் சேலை மட்டும் தெரிகிறது. இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வந்த இருவர், ஒட்டு வேலை பார்க்கிற பிரிட்டோவும் கம்பம் ஏறுகிற மூக்கையாவும். பக்கத்து வீட்டு ராக்கம்மாள், தன் மாட்டுக்கொட்டத்தில் சாணி அள்ளிக்கொண்டிருக்கிறார். ஐந்து பேர். மாடு மூன்று, அவை கணக்கில் வராது. என் மகள் வனிதா ஓசூரில் இருக்கிறாள், அவளையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது, சேர்ப்பதற்காகத்தான் இந்த வெயில், இந்தக் கேபிள், என் தோளில் இந்தச் சுருள். பாவாடை நாடா அளவுகூட அகலம் இல்லை. மீட்டருக்கு ஒரு தடவை வெள்ளையில் எண் அச்சடித்திருக்கிறார்கள். நாற்பத்தொரு வருஷம் மதுரையில் ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணியும் லைனிங்கும் கிழித்துக் கொடுத்தவன் நான், தன் அளவைத் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டு வருகிற சரக்கை இதற்குமுன் பார்த்ததில்லை. இதைச் செய்தவன் யாரோ, அவன் நன்றாக இருக்க வேண்டும். முதல் எண் ஆயிரத்து நூறு. ஆயிரத்து நூறை மனசுக்குள் கழித்துவிட்டுப் படிக்கிறேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, விரலுக்கு நடுவில் ஓடுகிறது, வழவழவென்று, பட்டுக்கரை மாதிரி.

“மடக்கிறாதீங்கய்யா, உள்ள இருக்கிறது கண்ணாடி,” என்கிறார் பிரிட்டோ. மடக்க மாட்டேன். கண்ணாடிக்குள் வெளிச்சமாகத்தான் எல்லாம் போகுமாம், பேச்சு, படம், எழுத்து எல்லாமே வெளிச்சம்தானாம். காலையில் அவர் சொன்னபோது எனக்கு வனிதாவின் கை ஞாபகம் வந்தது. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. நாங்கள் மூன்று பேரும் வீட்டில் கையால் பேசுகிறவர்கள், அவள் கட்டிக்கொண்டவருக்கும் காது கேட்காது, அவர் நாலாவது ஆள். வாயால் பேச எனக்கு எப்போதும் கூச்சம். கடையில் வாடிக்கையாளரிடம் “எத்தனை மீட்டரும்மா” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது, முதலாளியே சிரிப்பார். கையால் பேசும்போது அந்தக் கூச்சம் எங்கே போகிறதென்று தெரியவில்லை. கையால் நான் பெரிய வாயாடி. ராத்திரி சாப்பாடு முடிந்து வனிதாவும் நானும் உட்கார்ந்தால் பஞ்சவர்ணம் விளக்கை அணைத்துவிடுவாள், விளக்கை அணைத்தால்தான் அப்பனும் மகளும் பேச்சை நிறுத்துவார்கள் என்று. அது மதுரை வாடகை வீட்டில். வேலையிலிருந்து நின்றதும் மச்சினன் காலி செய்துவிட்டுப் போன இந்த வீட்டுக்கு வந்தோம், கொன்னக்குளம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, காற்று இருக்கிறது, போனில் குரல் கணீரென்று கேட்கிறது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? படம் வந்தால்தான் எங்களுக்குப் பேச்சு. படம் வரும், நாலு நொடி அசையும், அப்புறம் நின்றுவிடும். தூக்கிய கை தூக்கியபடி நிற்கும். எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. இரண்டாவது கம்பத்தில் மூக்கையா ஏறுகிறார், இடுப்புக் கயிற்றைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு. அந்தக் கயிறு நல்ல கயிறாக இருக்க வேண்டும். கம்பத்தில் ஒரு சுற்று, கொக்கி, இழுப்பு. “விடுங்கய்யா, விடுங்க, போதும்.”

கண்மாய்க்கரையில் மடைக்குப் பக்கத்தில் ஓரிடம் உண்டு, அங்கே நின்றால் படம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சாயங்காலம் நானும் பஞ்சவர்ணமும் கரை ஏறுவோம். போனை ஒருத்தர் பிடிக்க ஒருத்தர் பேச வேண்டும், மூன்று பேர் பேசுகிற பேச்சுக்கு இரண்டு கை குறையும். ஒருநாள் ராக்கம்மாள் எருமையை ஓட்டிக்கொண்டு போகும்போது, “என்ன மதினி, அண்ணனும் நீங்களும் தெனம் இங்க வந்து கொசு வெரட்டுறீக, கொசு நம்ம வீட்டுலதான இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார். பஞ்சவர்ணம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். நான் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போன வாரம் வியாழக்கிழமை அந்தக் கரையில்தான் வனிதா ஸ்கேன் முடிந்து ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கூப்பிட்டாள். டாக்டர், என்றாள் கையால். சொன்னார், என்றாள். குழந்தை, என்றாள். அப்புறம் வலது கை கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தது, ஐந்து விரலும் விரிந்து, வாய் பாதி திறந்து, அப்படியே நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். நான் போனை மேலே தூக்கினேன், மடைக் கல்லின்மேல் ஏறினேன், படம் அசையவில்லை. கரையை விட்டு இறங்கும்போதுதான் பஞ்சவர்ணத்துக்குக் கால் வழுக்கியது. அப்புறம் எல்லாம் அந்தக் காலைப் பற்றியே ஆகிவிட்டது, ஆட்டோ, எக்ஸ்ரே, மாவுக்கட்டு. ராத்திரி வனிதாவிடமிருந்து எழுத்தில் வந்தது, “அப்பா பயம் வேண்டாம் நான் நல்லா.” எழுத்து அவளுக்குக் கொஞ்சம், எனக்கும் கொஞ்சம். எழுத்தில் அவள் முகம் இல்லை. அந்த விரிந்த கைதான் கண்ணுக்குள் நிற்கிறது, கண்ணை மூடினால் அது, திறந்தால் வேப்பமரத்துக் கிளைகூட அதுவாகத் தெரிகிறது. டாக்டர் சொன்னார், குழந்தை. அதற்குமேல் என்ன? மூன்றாவது கம்பம். நூற்றுமுப்பத்துநாலு.

முதல் பிரசவம், தாய் வீட்டுக்கு வர வேண்டியவள். ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது, பயணம் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். நாங்கள் போகலாமென்றால் இந்தக் கால். மாப்பிள்ளையின் அம்மா போன வருஷம் தவறிவிட்டார். திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள், ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தாலும் வருமாம். அங்கே எல்லாரும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பேசுவார்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழி இல்லை. மூச்சை இழு என்பார்கள், அசையாதே என்பார்கள், அவளுக்குத் தெரியாது, இவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியிடம் பஞ்சவர்ணம் போனில் பேசினாள். “வீடியோவுல நீங்க வந்துருங்கம்மா, டாக்டர் சொல்லச் சொல்ல நீங்க கையால காட்டுங்க, போனை நான் பிடிச்சுக்கறேன்” என்று அந்தப் பெண் சொன்னாளாம். ஸ்கேனைப் பற்றிக் கேட்டதற்கு, அது டாக்டருக்குத்தான் தெரியும் என்றாளாம். பெயர்கூடக் கேட்கவில்லை. பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு இந்த ஒரு வாரமாகக் காலையில் சாமி கும்பிடும்போது தனியாக ஒரு கும்பிடு போடுகிறேன். ஆனால் படம் நிற்காமல் இருந்தால்தான் அதெல்லாம். நாளைக்கு ஞாயிறு, கம்பெனி ஆட்கள் வர மாட்டார்கள். ஆகவே இன்றைக்கு. இன்றைக்கு வந்தார்களே. மற்ற இரண்டு வீட்டைத் தள்ளிவைத்துவிட்டு இங்கே முதலில் வந்ததாக மூக்கையா சொன்னார், டீ குடிக்கும்போது, ஒன்றுமே இல்லாத விஷயம் மாதிரி.

நாலாவது கம்பம். இங்கே நிற்கும்போது கை தானாக எண்ணைப் பார்க்கிறது. நூற்று எழுபத்தெட்டு. நான் திரும்பவும் பார்க்கிறேன். என் அளவில் இந்தக் கம்பம் நூற்று அறுபது. போன வாரம் கடைக் கோலை எடுத்துக்கொண்டு ரோட்டோரப் பெட்டியிலிருந்து எங்கள் வாசல்வரை நானே அளந்தேன், கோலை வைத்து, சுண்ணாம்பால் கோடு போட்டு, திரும்பக் கோலை வைத்து. முந்நூற்றுப் பன்னிரண்டு. தப்பே இல்லை, இரண்டு தடவை அளந்தேன். பார்க்க வந்த பிரிட்டோ, “முந்நூத்தம்பதாப் போட்டுக்கிருவோம்யா, தொய்வுக்குக் கொஞ்சம் வேணும்ல,” என்றார். வேண்டாம், முந்நூற்று இருபது போதும், எதற்கு வீணாக்க வேண்டும் என்று சொன்னேன். வாய் திறக்காதவன் அன்றைக்குப் பார்த்து வாய் திறந்தேன். துணி கோலோடு கோலாகப் படியும். ஒரு விரற்கடை கூடாது, குறையாது, அதுதான் என் பெயர். நான் அளந்தது தரையை. கேபிள் ஆகாயத்தில் தொங்குகிறது. கம்பத்துக்குக் கம்பம் ஊஞ்சல் மாதிரித் தொய்கிறது, ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு சுற்று, பெட்டியில் ஏறியது, கடைசியில் வீட்டில் இறங்க வேண்டியது. தோளில் சுருள் எடை குறைந்துவிட்டது எனக்குத் தெரிகிறது, இத்தனை நேரமும் தெரிந்திருக்க வேண்டும். மனசுக்குள் கூட்டுகிறேன். திரும்பக் கூட்டுகிறேன். இருபத்தேழு மீட்டர் பத்தாது. இருபத்தேழு. மீதிக் கேபிளை வேறு ஊர் வேலைக்குக் கொடுத்தாயிற்று என்று காலையில் வண்டியில் பேசிக்கொண்டார்கள். சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். மூக்கையா இறங்குகிறார், சட்டை முழுக்க வேர்வை, பீடி பற்றவைக்கிறார், இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? கம்பத்துக்குக் கம்பம் நெஞ்சில் தேய்த்து ஏறி இறங்கியிருக்கிறார். அடுத்த கம்பத்தில் சொல்லலாம். ஒருவேளை என் கூட்டல் தப்பாக இருக்கலாம். என் கூட்டல் தப்பாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

ஐந்தாவது கம்பம் ராக்கம்மாள் வீட்டு முனையில். இருநூற்று முப்பது. தோளில் தொண்ணூறு மீட்டர், கையில் எடுத்துவிடலாம்போல லேசாக. இங்கிருந்து தெரு அவர் இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது, நேரே அறுபது மீட்டர், திரும்பி நாற்பத்தைந்து, அப்புறம் எங்கள் வீடு. குறுக்கே பார்த்தால், அவருடைய முற்றத்துக்கு அந்தப் பக்கம், பஞ்சவர்ணத்தின் முகம்கூடத் தெரிகிறது. மாவுக்கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிவைத்திருக்கிறாள். என்ன, என்று தலையசைத்துக் கேட்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிரிட்டோ அன்றைக்கே கேட்டார், “குறுக்க போனா கிட்டங்கய்யா, அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவமா?” வேண்டாம் தம்பி, தெரு வழியாகவே போகட்டும், என்றேன். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கக் கூடாது, யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. வந்த நாளிலிருந்து இந்தத் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு போய்வந்தவன், அவர் “வாங்கண்ணே” என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போனவன், இன்றைக்கு எந்த முகத்தோடு கேட்பது? வனிதாவின் கை. கன்னத்துக்குப் பக்கத்தில். ஐந்து விரல். திங்கட்கிழமை யாரோ துணி கட்டிய முகங்கள் அவளைச் சுற்றி நிற்கும், அவள் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். “பத்தாது,” என்கிறேன். மூக்கையா கேட்கவில்லை. “பத்தாது,” என்று கத்துகிறேன், என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது, மாடு ஒன்று திரும்பிப் பார்க்கிறது. “என்னய்யா பத்தாது?” என்கிறார் பிரிட்டோ. இருபத்தேழு மீட்டர், என் தப்பு, என்று சொல்கிறேன். பிரிட்டோ சுருளைப் பார்க்கிறார், தெருவைப் பார்க்கிறார், திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “தொய்வுக்குத்தான்யா சொன்னேன்,” என்கிறார், மெதுவாக. மூக்கையா பீடியைக் கீழே போட்டு மிதிக்கிறார். “அப்ப செவ்வாக்கெழமதான் பெருசு.”

அப்போது ராக்கம்மாள் சாணிக்கூடையோடு வேலியோரம் வந்து நிற்கிறார். என்னவென்று கேட்கிறார். நான் அவரைப் பார்க்கிறேன். வாய் திறந்திருக்கிறது, வார்த்தை வரவில்லை, சுருள் தொங்குகிற கை தானாக உயர்கிறது, கம்பத்தைத் தொட்டுக் காட்டுகிறது, அவருடைய மாட்டுக்கொட்டத்துக்கு மேலே, முற்றத்துக்கு மேலே, ஒரு கோடு இழுக்கிறது, மஞ்சள் சேலைவரைக்கும். அப்புறம் வயிற்றைக் காட்டுகிறது, பெரிய வயிறு. அப்புறம் இரண்டு கையும் சேர்ந்து கும்பிட்டு நிற்கின்றன. வனிதாவிடம் பேசுகிற மாதிரியே பேசிவிட்டேன் என்பது முடித்த பிறகுதான் தெரிகிறது, காது சுடுகிறது. ராக்கம்மாள் கூடையை இறக்கி வைக்கிறார். “இதுக்குத்தானா இம்புட்டு நேரம்? தேரு மாதிரி தெருவச் சுத்திக்கிட்டு வாராகளே, என்னடா வேண்டுதலோன்னு காலையிலேர்ந்து பாத்துக்கிட்டு நிக்கிறேன். குறுக்க போட வேண்டியதுதான?” பிரிட்டோ, “வீட்டுக்காரரக் கேக்கணுமாம்மா?” என்கிறார். “அவரு மேலூர் சந்தையில மாட்டுக்கு வெல பேசிக்கிட்டு இருப்பாரு. வீடு என் பேருல இருக்கு. நீ ஏறுப்பா.” மூக்கையாவிடம் மட்டும் விரலை நீட்டுகிறார். “வைக்கோல் ஏத்துன டிராக்டர் உள்ள வந்து போவணும், அந்த ஒசரத்துக்குக் கட்டு. தாழக் கட்டுனியோ, ஒன்னத்தான் கழுத்துக் கயிறு மாட்டி ஏருல பூட்டுவேன்.” மூக்கையா சிரிக்கிறார். “ஏருல பூட்டுனா எவ்வளவு தீனி போடுவீகக்கா?” வேப்பமரத்தில் கட்டலாமா என்கிறார் ராக்கம்மாள், மரம் ஆடும், கண்ணாடி உடைந்துவிடும் என்கிறார் பிரிட்டோ. அவர் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு நிறுத்திய இரும்புக்குழாயில் ஒரு கொக்கி, அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுச் சுவர். நான் சுருளோடு அவர் முற்றத்தின் நடுவே நடந்து போகிறேன். இந்த முற்றத்தில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. கேபிள் நிமிர்ந்து, தொய்ந்து, அதற்கு வேண்டிய தொய்வோடு நிற்கிறது. அவர் பக்கத்திலேயே வருகிறார். “மதினி எல்லாம் சொல்லுச்சுண்ணே, மகளைப் பத்தி. நீங்க ஒரு வார்த்த கேப்பீகன்னு இருந்தேன்.” நான் மோவாயில் விரல்நுனி வைத்து, கையை அவர் பக்கமாக இறக்குகிறேன். எங்கள் வீட்டில் நன்றிக்கு அதுதான். அவர் சாணி காய்ந்த கையை அப்படியே தன் மோவாயில் வைத்துத் திருப்பிக் கொடுக்கிறார். “இது நல்லாருக்கே,” என்கிறார்.

பெட்டி வெள்ளையாக, சாப்பாட்டு டப்பா அளவு. வீட்டுக்குள் சுவரில் மாட்டியாயிற்று, பஞ்சவர்ணத்தையும் நாற்காலியோடு உள்ளே கொண்டுவந்தாயிற்று, சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிகிறது. லைன் சேரும்வரை சிவப்பு, சேர்ந்தால் அது அணைந்து பச்சை வரும். பிரிட்டோ தரையில் வெள்ளைத் துண்டை விரித்து, கேபிள் முனையை உரிக்கிறார், தோலுக்குள் தோல், அதற்குள் இன்னொன்று, கடைசியில் தலைமுடி மாதிரி ஒன்று, வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிகிறது. இதற்குள்ளா என் மகள் வரப்போகிறாள்? காற்றில் முடி ஆடுமாம், ஃபேனை நிறுத்தச் சொன்னார், கூடவே வந்த ராக்கம்மாள் போய் நிறுத்தினார். பெட்டியிலிருந்து வருகிற முடியையும் இதையும் சிறு இயந்திரத்துக்குள் எதிரெதிரே வைத்து மூடுகிறார். ஒட்டவில்லை. திரும்ப உரித்து, திரும்பத் துடைத்து, திரும்ப வைக்கிறார். பயப்படத் தொடங்கினால் எனக்கு எண்ணத் தோன்றும், இப்போது எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்குக் காது கேட்குமா என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ கேட்டார்களாம். கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன, எங்களிடம் கை இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது. அதுவல்ல என் பயம். டாக்டர் சொன்னார், குழந்தை, அப்புறம் அந்தக் கை. அதற்கு அடுத்தது எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். நின்றுபோகாமல் இருந்தால் போதும். சிவப்பு. சிவப்பு. பஞ்சவர்ணம் என் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பச்சை.

வனிதா. முகம் வீங்கியிருக்கிறது, பின்னால் ஜன்னல், ஜன்னலில் துணி காய்கிறது, துணி காற்றில் ஆடுகிறது, ஆடிக்கொண்டே இருக்கிறது. அவள் கை அசைகிறது, அசைந்துகொண்டே இருக்கிறது. அம்மா கால் எப்படி, சாப்பிட்டீர்களா, ஏன் அப்பா அழுகிறீர்கள், எல்லாம் ஒரே மூச்சில். நான் கேட்கிறேன், அன்றைக்கு டாக்டர் என்ன சொன்னார்? அவள் சிரிக்கிறாள். டாக்டர், சொன்னார், குழந்தை. கை கன்னத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ஐந்து விரலும் விரிகின்றன. என் நெஞ்சு நிற்கிறது, படம் நிற்கவில்லை. விரல் ஒவ்வொன்றாக மடங்குகிறது, திரும்ப விரிகிறது, திரும்ப மடங்குகிறது. ஸ்கேன் திரையில் குழந்தை அப்படித்தான் கன்னத்தோரம் கையை வைத்துக்கொண்டு திறந்து திறந்து மூடியதாம். டாக்டர் அவளைத் தட்டி அதைக் காட்டினாராம். தலை கீழே திரும்பியிருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. இப்போதே பேசுகிறது அப்பா, என்கிறாள். “என்னவாம், என்னவாம்?” என்று ராக்கம்மாள் எங்கள் இருவர் தோளுக்கும் நடுவே தலையை விடுகிறார். பஞ்சவர்ணம் சொல்கிறாள். “அடி ஆத்தி, வயித்துக்குள்ளயேவா! தாத்தனையே மிஞ்சிரும்ண்ணே.” அவர் போனைப் பார்த்து, இன்று படித்த ஒரே வார்த்தையை, மோவாயில் கை வைத்துச் சொல்கிறார். வனிதா கண்ணை விரிக்கிறாள், யார் இது என்கிறாள். நான் போனைத் திருப்பி ஒவ்வொருவராகக் காட்டுகிறேன், பிரிட்டோ, இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே தலையைக் குனிகிறார், மூக்கையா, இந்தக் கையால்தான் கம்பம் ஏறினார் என்கிறேன், அவர் கை முழுக்கச் சிராய்ப்பு. எல்லாருக்கும் அவள் நன்றி சொல்கிறாள், தனித்தனியாக. இப்போது ஆறு பேர். ஏழாவது ஆளை அது வந்த பிறகுதான் சேர்ப்பேன். திங்கட்கிழமை, என்கிறேன் அவளிடம், அம்மாவும் நானும் இங்கேதான் இருப்போம், டாக்டர் பேசினால் எங்கள் கையைப் பார். சரி என்கிறாள். பிரிட்டோ சுவரோரம் குனிந்து, “மிச்சம் கெடக்குதுய்யா, பேசி முடிச்சதும் வெட்டித் திரும்ப ஒட்டிறவா?” என்கிறார். “வேண்டாம், இருக்கட்டும்,” என்கிறேன், வாயால், சத்தமாக. அவர் அதை வட்டமாகச் சுற்றி ஆணியில் மாட்டுகிறார். நான் கிட்டப் போய் எண்ணைப் பார்க்கிறேன். சுவரில் நுழைகிற இடத்தில் ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று, முனையில் ஆயிரத்து நானூற்று இருபது. மீதி ஒன்பது மீட்டர்.